இஜிஆர் வால்வை அடைக்கச் சொல்லும் முன்

சென்ற மாதம் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தம்முடைய டீசல் காரை என் பட்டறைக்குக் கொண்டுவந்தார். 2017-ஆம் ஆண்டின் இறுதியில் வாங்கிய, பிஎஸ்-4 (பாரத் ஸ்டேஜ் எனும் வாகனப் புகை விதியின் நான்காம் கட்டம்) தரத்திலான சிறிய கார் அது. மேடேறும்போது வண்டி இழுக்கவில்லை, கரும்புகை தள்ளுகிறது, செக் என்ஜின் விளக்கு அணைவதே இல்லை என்றார். புகையில் ஒரு பகுதியை என்ஜினுக்கே திருப்பிவிடும் இஜிஆர் வால்வுக்குத் தகடு வைத்து அடைத்து, மென்பொருளையும் மாற்றிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று வேறொரு இடத்தில் சொல்லியிருக்கிறார்கள். "செய்துவிடலாமா தம்பி?" என்று கேட்கத்தான் வந்திருந்தார்.

இந்தக் கேள்வி எனக்குப் புதிதல்ல. வால்வைக் குற்றவாளியாக்குவதற்கு முன் அது என்ன வேலை செய்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். எரிந்து முடிந்த புகையில் ஒரு பகுதியை அது மீண்டும் என்ஜினுக்குள் அனுப்புகிறது. அந்தப் புகையில் ஆக்சிஜன் குறைவு. வெப்பத்தை உள்வாங்கும் தன்மை அதிகம். ஆகவே சிலிண்டருக்குள் எரிதலின் உச்ச வெப்பம் தணிகிறது. அந்த உச்ச வெப்பத்தில்தான் காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடு ஆகின்றன என்பதால், வெப்பத்தைத் தணிப்பதே அந்த வாயுவைக் குறைக்கும் வழி. பிஎஸ்-4 விதி ஒரு டீசல் காருக்குக் கிலோமீட்டருக்கு 250 மில்லிகிராம் நைட்ரஜன் ஆக்சைடை அனுமதித்தது. 2020 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் நடப்பில் உள்ள பிஎஸ்-6 அதை 80 மில்லிகிராமாகக் குறைத்தது.

வால்வை அடைப்பதால் நன்மையே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். புகைக்கரி உள்ளே போகாததால், சிலிண்டர்களுக்குக் காற்றைக் கொண்டுபோகும் இன்டேக் மேனிபோல்டு சுத்தமாக இருக்கும். என்ஜின் ஆயிலில் கரி சேர்வதும் குறையும். ஆனால் பிக்கப் கூடும் என்பது பெரும்பாலும் தவறான நம்பிக்கை. நல்ல நிலையிலுள்ள வால்வு, ஆக்சிலேட்டரை முழுவதும் மிதிக்கும்போது தானாகவே மூடிக்கொள்ளும். முழு இழுவை தேவைப்படும் நேரத்தில் அது குறுக்கே நிற்பதில்லை. அடைத்த பிறகு பிக்கப் திரும்பியதாக ஒருவர் உணர்ந்தால், அவருடைய வால்வு அதுவரை மூடாமல் சிக்கிக் கிடந்தது என்றுதான் பொருள்.

ஆசிரியரின் காரிலும் அதுதான் நடந்திருந்தது. ஸ்கேனரில் 'மூடு' என்று கட்டளை போன பிறகும் வால்வு ஐந்தில் ஒரு பங்கு திறந்தே நின்றது. கழற்றிப் பார்த்தபோது, தாராளமாக விரல் நுழைய வேண்டிய வழியில் பென்சில்கூட நுழையவில்லை. புகைக்கரியும் என்ஜினிலிருந்து வரும் ஆயில் ஆவியும் கலந்து, வெயிலில் இளகிய தார்போல ஒட்டிக்கிடந்தன. இத்தனை கரி எங்கிருந்து வந்தது என்பதுதான் கேட்கவேண்டிய கேள்வி. காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவிலிருந்து, அதைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ஹோஸைக் கையால் தடவிக்கொண்டே போனபோது, கிளாம்புக்குச் சற்றுக் கீழே விரலில் பிசுபிசுப்புத் தட்டியது. அங்கே நகம் நுழையும் அளவுக்கு ஒரு வெடிப்பு. அளந்து உள்ளே விட்ட காற்றில் ஒரு பகுதி வழியிலேயே கசிந்துவிட, டீசல் மட்டும் முழு அளவில் போய், சரியாக எரியாமல் கரியாகி, அந்தக் கரியே வால்வை அடைத்திருக்கிறது. தகடு வைத்திருந்தால் விளக்கு அணைந்திருக்கும். ஹோஸின் வெடிப்பு அப்படியே இருந்திருக்கும்.

இதை உறுதியாகச் சொல்வதற்குக் காரணம், தொழிலுக்கு வந்த புதிதில் நானும் இரண்டு வண்டிகளில் தகடு வைத்தவன் என்பதுதான். அவற்றில் ஒன்று சில மாதங்களில் அதே கரும்புகையோடு திரும்பி வந்தது. டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் ஒழுகிக்கொண்டிருந்ததை நான் பார்க்கத் தவறியிருந்தேன். அந்தக் குடும்பத்துக்கு இரண்டு முறை செலவு வைத்தேன் என்ற வருத்தம் இன்றும் உண்டு.

"அடைத்த பிறகும் புகைச் சான்று கிடைக்கிறதே" என்று பலர் கேட்கிறார்கள். கிடைக்கும். நம் ஊரில் டீசல் வண்டிக்குச் செய்யும் சோதனை, ஆக்சிலேட்டரை மிதித்து, வெளிவரும் புகை எவ்வளவு அடர்த்தியாக ஒளியை மறைக்கிறது என்பதை மட்டுமே அளக்கிறது. நைட்ரஜன் ஆக்சைடை அளப்பதேயில்லை. வால்வை அடைத்தால் கரி குறைந்து அந்தச் சோதனையில் எண்கள் இன்னும் நன்றாகவே வரக்கூடும். ஆகையால் அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு வண்டி யாருக்கும் தீங்கு செய்யவில்லை என்று முடிவு கட்டக்கூடாது. நைட்ரஜன் டை ஆக்சைடு மூச்சுக்குழாயை உறுத்தும், ஆஸ்துமாவைக் கிளறும். இந்த வால்வு அதிகம் வேலை செய்வது மிதமான சுமையில், நகரத்துத் தெருக்களில் ஊர்ந்து போகும்போதுதான். மாலை நான்கு மணிக்குப் பள்ளி வாசலில் ஒன்றன்பின் ஒன்றாக நகரும் கார்களின் சைலன்சர் எந்த உயரத்தில் இருக்கிறது, பக்கத்தில் நிற்கும் ஒன்றாம் வகுப்புக் குழந்தையின் முகம் எந்த உயரத்தில் இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள்.

சட்டமும் இதை அனுமதிப்பதில்லை. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவு, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம் என்கிறது. பிஎஸ்-6 வண்டிகளில் சிக்கல் இன்னும் பெரிது. வால்வு, புகைக்கரியைப் பிடித்துவைக்கும் டிபிஎஃப் வடிகட்டி, சென்சார்கள் எல்லாம் ஒன்றையொன்று கண்காணிப்பதால், ஒன்றை நிறுத்தினால் வண்டி லிம்ப் மோடுக்கு, அதாவது இழுவையைக் குறைத்துக்கொண்டு மெதுவாக மட்டுமே ஓடும் நிலைக்கு, போய்விடக்கூடும்.

ஆசிரியரின் காருக்கு ஹோஸை மாற்றினோம். வால்வையும் மேனிபோல்டையும் கழற்றி, மின்மோட்டார் பகுதி நனையாதபடி கரியைச் சுரண்டிக் கழுவி, புது கேஸ்கெட் வைத்துப் பூட்டி, ஸ்கேனரில் வால்வின் மூடும் நிலையைப் புதிதாகப் பதிந்தோம். முழுதாக ஒன்றரை நாள் வேலை. கடைத்தெரு வரை மட்டுமே ஓடும் வண்டி என்பதால், வாரத்தில் ஒருநாளாவது என்ஜின் நன்கு சூடேறிய பின் புறவழிச்சாலையில் அரைமணி நேரம் ஓட்டும்படியும், உயர் கியரில் திணறவிட்டு ஓட்ட வேண்டாம் என்றும் சொன்னேன். அடுத்த ஆயில் மாற்றத்துக்கு வரும்போது வால்வை மறுபடி கழற்றி, அவர் கண்முன்னேயே கரி எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பார்ப்பதாகப் பேசியிருக்கிறோம்.