அதிகாரக் கணக்கு

ஜனவரி முதல் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபையில் பலர் என்னிடம் கேட்பது ஒரு வருடத்தில் வேதாகமத்தை வாசித்து முடிக்கும் அட்டவணை. வாரநாளில் மூன்று அதிகாரம், ஞாயிறு ஐந்து. 1189 அதிகாரமும் டிசம்பருக்குள் முடிந்துவிடும், கணக்கு சரிதான். பிப்ரவரியில் சட்டங்கள் நிறைந்த லேவியராகமம் வந்ததும் சிலர் நின்றுவிடுவார்கள், சிலர் அதிகாரத்தை முடிக்க ஓட ஆரம்பிப்பார்கள். எனக்குக் கவலை ஓடுகிறவர்களைப் பற்றித்தான்.

அப்படி ஓடிப் பலமுறை வேதாகமத்தை முடித்த ஒரு அண்ணன் வீட்டுக்கு ஜெபிக்கப் போயிருந்தேன். வேலையிடத்தில் அவருடைய பொறுப்பை இளையவர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். "23-ஆம் சங்கீதத்துல 'கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்'னு தினமும் சொல்றேன் ஐயா. இப்போ எல்லார் முன்னாடியும் தாழ்ந்துதானே போயிட்டேன்?" என்றார்.

நான் விளக்கம் சொல்லவில்லை. 34-ஆம் சங்கீதம் பத்தாம் வசனத்தை வாய்விட்டு வாசிக்கச் சொன்னேன். "சிங்கக்குட்டிகள் தாழ்ச்சியடைந்து பட்டினியாயிருக்கும், கர்த்தரைத் தேடுகிறவர்களுக்கோ ஒரு நன்மையுங் குறைவுபடாது." மூன்றாம் முறை வாசிக்கையில் அவரே நிறுத்தினார். "இங்க தாழ்ச்சின்னா இல்லாமைதானே?"

அதேதான். 23-ஆம் சங்கீதத்தில் 'தாழ்ச்சியடையேன்' என்று வருவதும் இங்கே 'குறைவுபடாது' என்று வருவதும் மூலமொழியான எபிரெயத்தில் ஒரே வினைச்சொல். மேய்ப்பன் இருக்கிற ஆட்டுக்குப் புல்லும் தண்ணீரும் குறையாது என்பதே அங்கே பேச்சு. பதவியைப் பற்றி ஒன்றுமில்லை. சிறுவயதிலிருந்து சொல்லிவரும் வசனம் அவருக்கு அன்றுதான் கேட்டது.

முதல் சங்கீதம் 'இரவும் பகலும் தியானமாயிருக்கிற' மனுஷனைப் பேசுகிறது. தியானம் என்றதும் கண்ணை மூடி மௌனமாக உட்காருவது நம் நினைவுக்கு வரும். அங்குள்ள எபிரெயச் சொல்லோ வாய்க்குள் முணுமுணுப்பது. ஏசாயாவில் இரைமேல் நின்று சிங்கம் உறுமுவதற்கும் புறா புலம்புவதற்கும் அதே சொல்தான். 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் கீகோ என்ற துறவி இதைப் படிகளாகச் சொன்னார்: வாசிப்பு உணவை வாயில் வைக்கிறது, தியானம் மெல்கிறது, ஜெபம் சுவையை எடுக்கிறது, அதற்குப் பின் வருவது அந்த இனிப்பேதான். நம் மொழியில் அசைபோடுதல் என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம்.

போதகர்களுக்கு வேறொரு நோய் உண்டு. பல வருடம் நான் பிரசங்கத்துக்காகவே வாசித்தேன். வசனம் கண்ணில் பட்டதும் மூன்று தலைப்பு மனதில் ஓடும். எனக்கென்று ஒரு வரிகூட மிஞ்சவில்லை. இப்போது காலையில் எட்டு வசனத்துக்குமேல் போவதில்லை. கைப்பேசி அடுத்த அறையில் இருக்கும். பிடித்து நிறுத்துகிற ஒரு சொல்லை நோட்டில் எழுதி, அதை வைத்தே ஜெபிக்கிறேன்.

ஜெபத்துக்கு நேரம் குறிப்பதை அடிமைத்தனம் என்பவர்கள் இருக்கிறார்கள். தானியேல் தினம் மூன்று வேளை முழங்காற்படியிட்டார். ஆதித்திருச்சபையின் திதாகே நூலும் கர்த்தருடைய ஜெபத்தை மூன்று வேளை சொல்லச் சொல்கிறது. மனம் வரும்போது ஜெபிப்பேன் என்றால், வராத நாளில்தான் ஜெபம் அதிகம் தேவைப்படும். சொல் வராவிட்டால் அச்சிட்ட ஜெபத்தை வாசியுங்கள், குற்றமில்லை.

ஆனால் ஒரு எச்சரிக்கை. ஒருநாள் ஜெபம் தவறினால் வீட்டில் விபத்து நடக்கும் என்று நடுங்குகிறவர்களும், சரியாகச் சொன்னேனா என்று அதே ஜெபத்தைத் திரும்பத் திரும்பத் தொடங்குகிறவர்களும் என்னிடம் வருகிறார்கள். அவர்களிடம் இன்னும் அதிகமாக ஜெபிக்கச் சொல்வதில்லை. கூடவே போய் மனநல மருத்துவரைப் பார்க்க வைக்கிறேன்.

அட்டவணை கேட்டு வருகிறவர்களுக்கு இப்போது நான் கொடுப்பது 119-ஆம் சங்கீதம். எட்டெட்டு வசனமாக 22 பகுதிகள். வாரத்துக்கு ஒரு பகுதி. அந்த அண்ணன் ஐந்தாவது பகுதியில் இருக்கிறார், போன வாரமும் அதில்தான் இருந்தார்.