பறவை எத்தனை கிராம்?

உள்ளங்கையில் அடங்கும் பித்தளைப் பறவை. கழுத்தைத் திருப்பித் தன் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்தால் பொம்மை என்றே தோன்றும். ஆனால் அது ஒரு படிக்கல். இன்றைய கானாவிலும் ஐவரி கோஸ்ட்டிலும் வாழும் அகான் மக்கள் ஏறத்தாழ 1400 முதல் 1900 வரை பொன்துகளை நிறுத்தது இப்படிப்பட்ட கற்களால்தான். 'அப்ராமுவோ' என்பது அவர்கள் மொழியில் இவற்றின் பெயர்.

பொன்துகள்தான் அங்கே பணம். ஆற்று வண்டலை அலசியும் குழி தோண்டியும் எடுத்த துகள் அப்படியே கைமாறும். சந்தையில் பழம் வாங்கினாலும், அரசனுக்கு அபராதம் கட்டினாலும் நிறுத்துத்தான் கொடுக்க வேண்டும். அதனால் வியாபாரி எங்கே போனாலும் கூடவே ஒரு மூட்டை போகும்: எடைக்கற்கள், சிறு தராசு, துகள் அள்ளப் பித்தளைக் கரண்டி, துகளைப் போட்டு வைக்கச் சின்னச் சின்ன டப்பிகள். இவற்றோடு ஆழமில்லாத ஒரு முறமும் உண்டு. பொன்னின் அடர்த்தி ஒரு கன செ.மீ.க்கு 19.3 கிராம், மணலுடையது 2.6 சுமார். முறத்தில் துகளைப் பரப்பி மெல்ல ஊதினால் மணல் பறந்துவிடும், பொன் அசையாது. பித்தளை அராவலைக் கலந்து ஏமாற்றப் பார்த்தால் அது ஊதலுக்கு அவ்வளவு லேசில் அகப்படாது. அதற்கு உரைகல் இருந்தது.

மிகச் சிறிய அளவுகளுக்கு விதை. நம் ஊர்த் தட்டார் தராசில் போட்ட அதே கருப்புமுனைச் சிவப்புக் குன்றிமணிதான் அங்கேயும், 'தம்மா' என்பார்கள். காய்ந்த குன்றிமணி கெட்டியானது, எளிதில் ஈரம் இழுக்காது, ஒன்றுக்கொன்று எடையும் அதிகம் மாறாது. ஒன்று ஏறத்தாழ 0.12 கிராம்.

முதல் முந்நூறு ஆண்டுகளில் கற்கள் பெரும்பாலும் சதுரம், கூம்பு, படிக்கட்டு என வடிவியல் உருவங்களில் இருந்தன. பிறகுதான் மனிதர், மிருகம், வாள், கேடயம், பூட்டு எல்லாம் வந்து சேர்ந்தன. பல உருவங்கள் பழமொழிகளைச் சொல்பவை. திரும்பிப் பார்க்கும் பறவை 'சங்கோஃபா': மறந்துவிட்டதைத் திரும்பிப் போய் எடுத்துவருவதில் தப்பில்லை என்று பொருள். ஒரே வயிற்றை ஒட்டிக்கொண்டு இரண்டு முதலைகள் சாப்பாட்டுக்குச் சண்டை போடும் கல்லும் உண்டு. வயிறு ஒன்றுதானே, சண்டை எதற்கு என்று கேட்கிறது அது.

பறவை என்றால் இவ்வளவு, முதலை என்றால் இவ்வளவு என்று கணக்கு இருந்திருக்கும் என்று நினைக்கத் தோன்றும். அப்படி இல்லை. ஒரே மாதிரி இரண்டு பறவைகள் வெவ்வேறு எடையில் இருக்கும். பறவையும் வேர்க்கடலையும் ஒரே எடையில் இருக்கும். உருவத்தைப் பார்த்து எடை சொல்ல வழியே இல்லை. தன் மூட்டையிலுள்ள எந்தக் கல் எவ்வளவு என்று சொந்தக்காரனுக்குத் தெரியும், அவ்வளவுதான்.

அரசு முத்திரை இல்லாத கல்லை எப்படி நம்புவது? நம்பவில்லை. விற்பவன் தன் கல்லால் நிறுப்பான், வாங்குபவன் தன் கல்லால் மறுபடி நிறுப்பான், வித்தியாசம் வந்தால் வாக்குவாதம் தொடங்கும். நேரம் பிடிக்கிற ஏற்பாடுதான். ஆனால் ஏமாற்ற நினைப்பவன் தன் கல்லை மட்டும்தான் மாற்ற முடியும், எதிராளியின் கல்லை மாற்ற முடியாதே! அரசனிடம் மட்டும் இது செல்லாது. 1817-இல் அகான் மக்களின் அசாந்தி அரசின் தலைநகரான குமாசிக்குப் போன ஆங்கிலேயர் பவ்டிச், அரசனின் கற்கள் ஊராரின் கற்களைவிட மூன்றில் ஒரு பங்கு கனமாக இருந்ததாக எழுதியிருக்கிறார். அரண்மனைச் சாப்பாட்டுச் செலவுக்கான பொன் அரசன் கல்லில் நிறுத்து வரும், சந்தையில் ஊர்க் கல்லில் நிறுத்துப் போகும். மிச்சம் தலைமைச் சமையல்காரர் போன்றவர்களின் மடியில். சம்பளம் என்று தனியாகப் பேசாமலே கொடுக்கிற வழி!

கல் செய்யும் விதம் இதைவிடச் சுவையானது. தேன்மெழுகில் உருவத்தை வடித்து, உலோகம் இறங்க ஒரு மெழுகுத் தண்டை ஒட்டுவார்கள். அதன்மேல் கரித்தூள் கலந்த நைஸ் களிமண்ணைப் பல முறை பூசி, வெளியே நார் கலந்த முரட்டு மண்ணை அப்பிக் காயவைப்பார்கள். சுட்டால் மெழுகு உருகி ஓடிவிடும், அந்தக் காலி இடத்தில் பித்தளை இறங்கும். சுவாமிமலைச் சிலைகளுக்கும் இதே தத்துவம்தான். மெழுகின் அடர்த்தி 0.96, பித்தளையுடையது 8.5 சுமார், ஆக மெழுகு உருவத்தைப்போல் ஒன்பது மடங்கு எடையில் கல் வரும். 27 கிராம் கல்லுக்கு 3 கிராம் மெழுகு போதும். வண்டு, வேர்க்கடலை போன்றவற்றுக்கு மெழுகுகூட வேண்டாம். நிஜ வண்டையே மண்ணில் பொதிந்து சுட்டால் அது சாம்பலாகிவிடும், அதன் இடத்தில் பித்தளை வண்டு கிடைக்கும்.

அச்சை உடைத்துத்தான் கல்லை எடுக்க முடியும் என்பதால் ஒவ்வொன்றும் ஒற்றைப் பிரதி, எடையும் சரியாக அமையாது. கனம் கூடினால் அரத்தால் தேய்ப்பார்கள், சில சமயம் உருவத்தின் கையோ காலோ போகும். குறைந்தால் குழிவில் ஈயத்தை ஊற்றுவார்கள், அல்லது ஒரு பித்தளை வளையத்தைக் கோத்துவிடுவார்கள். பழைய கல்லைத் திருப்பிப் பார்க்கிறபோது அடியில் தெரியும் சாம்பல்நிற ஈயத் திட்டு எனக்கு முகப்பு வேலைப்பாட்டைவிடப் பிடிக்கும். ஒருவன் தராசைப் பிடித்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று சேர்த்த இடம் அது.

உருவம் எடையைச் சொல்லாதபோது ஆய்வாளர்கள் என்ன செய்வார்கள்? டிமத்தி கேரார்ட் என்பவர் ஆயிரக்கணக்கான கற்களை எடுத்து நிறுத்தே பார்த்தார். எண்கள் சில இடங்களில் கூட்டம் கூடின. சகாராவைக் கடந்து வந்த இஸ்லாமிய வணிகரின் எடை அளவுகளான மித்கால் (4.5 கிராம் சுமார்), ஊக்கியா (27 சுமார்), 1471-இல் கடற்கரைக்கு வந்து சேர்ந்த போர்த்துக்கீசியரின் அவுன்ஸ் (28.7), பின்னால் வந்த ட்ராய் அவுன்ஸ் (31.1) எல்லாம் அந்தக் கூட்டங்களில் இருந்தன. யார் யாரோடு எப்போது வியாபாரம் செய்தார்கள் என்பது கிராம்களில் பதிந்து கிடந்திருக்கிறது.

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயர் நாணயம் வந்தது, தராசுக்கு வேலை போனது. கானாவின் கடைகளில் இன்றும் சங்கோஃபா பறவை கிடைக்கிறது. அதை வார்ப்பவர் யாரும் எடை பார்ப்பதில்லை.