நடுராத்திரியில் கெண்டைக்கால் சுண்டி இழுத்தால்

“ராத்திரி ரெண்டு மணிக்கு நரம்பு சுண்டி இழுக்குது சார், உயிரே போகுது.” ஜவுளிக்கடையில் விற்பனைப் பிரிவில் வேலை பார்க்கும் ஒரு பெண் இப்படித்தான் சொல்லிக்கொண்டு வந்தார். வயது 38. காலையில் கடைக்குப் போனால் இரவு வரை நின்றபடியேதான் வேலை. வலி வந்ததும் கணவர் எழுந்து தைலம் போட்டு அழுத்தித் தேய்த்துவிடுவாராம். பிடிப்பு விட்டாலும் மறுநாள் முழுக்கக் கால் நோகும்.

இழுப்பது நரம்பு அல்ல, தசை. ‘சுருங்கு’ என்ற கட்டளையை நரம்பு நிறுத்தாமல் அனுப்பிக்கொண்டே இருக்க, தசை கல் மாதிரி இறுகிப்போகிறது. பெரியவர்கள் குரக்குவலி என்று சொல்வது இதைத்தான். சரி, ஏன் ராத்திரியில்? படுத்திருக்கும்போது பாதம் கீழ்நோக்கிச் சாய்ந்துவிடும். கெண்டைக்கால் சதை அப்போதே பாதி சுருங்கித்தான் இருக்கும். தூக்கத்தில் காலை நீட்டிச் சோம்பல் முறித்தால், சுருங்கிய சதை இன்னும் சுருங்கிப் பிடித்துக்கொள்ளும்.

அதனால் அந்த நேரத்தில் முதல் வேலை, சதையை நீட்டிவிடுவது. முழங்காலை மடக்காமல் நேராக வைத்து, கால் விரல்களை உங்கள் முகத்தை நோக்கி மெதுவாக இழுங்கள். கை எட்டவில்லை என்றால் ஒரு துண்டைப் பாதத்தில் மாட்டி இழுக்கலாம். எழுந்து நிற்க முடிந்தால் குதிகாலைத் தரையில் அழுத்தி நில்லுங்கள். வெடுக்கென்று இழுக்க வேண்டாம். பிடிப்பு விட்ட பிறகு லேசாக நீவிவிட்டு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கலாம். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்களுக்கு மட்டும் சூடு வேண்டாம். கொப்புளம் வந்தால்கூட அவர்களுக்குத் தெரியாது.

வராமல் தடுப்பதற்கும் இதே நீட்டல்தான். நெதர்லாந்தில் 55 வயதைக் கடந்த 80 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது, 2012-இல் வெளியானது. படுக்கப்போகும் முன் 3 நிமிடம், 6 வாரம் நீட்டல் பயிற்சி செய்தவர்களுக்குப் பிடிப்பு வருவது நன்றாகவே குறைந்தது. சுவரில் இரு கைகளையும் ஊன்றி, ஒரு காலைப் பின்னால் வைத்து, குதிகால் தரையை விட்டு எழாமல் முன்னால் சாயுங்கள். 10 விநாடி நிறுத்தி, மூன்று முறை. அப்புறம் அடுத்த கால். அந்தப் பெண்ணுக்கும் இதைத்தான் கற்றுக்கொடுத்தேன். கூடவே ஒன்று சொன்னேன்: கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இலேயே சட்டம் வந்துவிட்டது. அது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. இருக்கை என்பது முதலாளி காட்டும் கருணை அல்ல, ஊழியரின் உரிமை.

வாழைப்பழம், மெக்னீசியம் மாத்திரை பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். பழம் சாப்பிடுங்கள், நல்லதுதான். ஆனால் வயதானவர்களின் ராத்திரிப் பிடிப்புக்கு மெக்னீசியம் பெரிதாக உதவுவதாக ஆய்வுகள் காட்டவில்லை. வெயிலில் வேலை செய்பவர்கள் கதை வேறு. வியர்வையோடு உப்பும் போய்விடுகிறது. அவர்கள் வெறும் தண்ணீரை மட்டும் குடிக்காமல் உப்புப் போட்ட நீர்மோரோ நீராகாரமோ குடிப்பது நல்லது. ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் உப்பு, இளநீர் இரண்டையும் மருத்துவரைக் கேட்டே எடுத்துக்கொள்ளுங்கள். நீர் பிரியக் கொடுக்கும் மாத்திரை, கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடும்போது பிடிப்பு தொடங்கினால் அதையும் அவரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

ஒரு கால் மட்டும் வீங்கி, சிவந்து, தொட்டால் சூடாக இருந்தால் தயவுசெய்து தேய்க்காதீர்கள். உள்ளே ரத்தக்கட்டி இருக்கலாம்; உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பல வருடமாக பீடி பிடித்த ஒரு பெரியவர், கெண்டைக்கால் பிடிப்பு என்று மாதக்கணக்கில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச தூரம் நடந்தால் வலி வரும், நின்றால் போய்விடும், மறுபடி நடந்தால் மறுபடி வரும். இதைக் கேட்டதுமே, காலுக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு இருக்குமோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது. அவர் பாதத்தின் மேல் விரல் வைத்துப் பார்த்தேன். நாடித் துடிப்பு தட்டுப்படவே இல்லை. பயிற்சி எதுவும் தொடங்காமல், அன்றைக்கே ரத்தக்குழாய் நிபுணரிடம் அனுப்பிவைத்தேன்.