நாயைத் தூக்கித் தண்ணீரில் போடாதீர்கள்

மறுபடியும் ஒரு லேப்ரடார். ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக் கிணற்றில் தூக்கிப் போட்டிருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை மூச்சிரைக்க என் மேஜைமேல் கிடக்கிறது. தண்ணீர் நுரையீரலுக்குள் போய் நிமோனியா. "லேப்தானே டாக்டர், தானா நீந்தும்னு சொன்னாங்க" என்கிறார் கொண்டுவந்தவர். யார் சொன்னார்கள் என்று கேட்டால் பதில் இல்லை. கோடைக்குக் கோடை இதே பேச்சைப் பேசி அலுத்துவிட்டது.

லேப்ரடாரின் மூதாதைகள் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் மீனவர்களோடு கடலில் இறங்கி வேலை பார்த்தவைதான். விரலிடைச் சவ்வு, தண்ணீர் ஒட்டாத ரோமம் எல்லாம் உண்மைதான். ஆனால் உங்கள் நாய் வளர்ந்தது அடுக்குமாடி வீட்டில். அது பார்த்த ஆகப்பெரிய நீர்நிலை குளியலறை வாளி. தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடித்தால் நாய் காற்றிலேயே காலை அடிக்கும், அது வெறும் அனிச்சை. பழகாத நாய் முன்னங்கால்களால் மட்டும் தண்ணீரை அறையும், பின்பக்கம் தாழ்ந்துபோகும், சீக்கிரமே களைத்துவிடும். பக், புல்டாக் வைத்திருப்பவர்களுக்கு ஒரே வரி: ஆழத் தண்ணீரே வேண்டாம். அந்தத் தட்டை மூக்கைத் தண்ணீருக்கு மேலே வைக்க அண்ணாந்தால் உடம்பு செங்குத்தாகி மூழ்கும். சிப்பிப்பாறை, கன்னி போன்ற ஒல்லி நாய்களுக்கு உடம்பில் கொழுப்பு குறைவு, மிதப்பும் குறைவு.

எனக்கு அதிகம் எரிச்சல் தருவது வேறொன்று. "ஒருதடவை தூக்கிப் போட்டா பயம் தெளிஞ்சிடும்." போட்டோம், நீந்திக் கரைக்கு வந்துவிட்டதே என்று வீடியோ வேறு காட்டுகிறார்கள். வந்தது, உயிர் பிழைக்க ஓடி வந்தது. தீப்பிடித்த வீட்டிலிருந்து ஓடி வருபவருக்குத் தீயின்மேல் பயம் போய்விட்டது என்றா சொல்வீர்கள்? அடுத்த முறை தூக்கும்போது நாய் முரண்டு பிடிக்காமல் இருந்தால் "பழகிடுச்சு" என்று கைதட்டுகிறீர்கள். அந்த வீடியோவைச் சத்தமில்லாமல் இன்னொரு முறை பாருங்கள். காது பின்னால் மடங்கியிருக்கும், வால் இடுக்கியிருக்கும், கண்ணின் வெள்ளை தெரியும், உதட்டை நக்கிக்கொண்டே இருக்கும். முரண்டு பிடித்துப் பயனில்லை என்று விட்டுவிட்ட நாய் அது. தண்ணீர்மேல் இருந்த பயம் போகாது, கூடவே உங்கள் கைமேலும் பயம் வரும். அப்புறம் ஒருநாள் தூக்கக் குனிந்ததும் உறுமும், கடிக்கும். "திடீர்னு கடிச்சிடுச்சு டாக்டர்" என்று வருவீர்கள். திடீரென்று எதுவும் நடக்கவில்லை.

"எங்க சித்தப்பா என்னையும் கிணத்துல தள்ளித்தான் கத்துக்கொடுத்தார்" என்பவர்களும் உண்டு. சரி, முதுகில் காலி கேன் கட்டினாரா இல்லையா? இடுப்பில் கயிறு? கீழே தண்ணீரில் யாராவது நின்றார்களா? படிக்கட்டு எந்தப் பக்கம் என்று உங்களுக்குத் தெரியும். நாய்க்குத் தெரியாது. நன்றாக நீந்தும் நாய்கூட கரையேற வழி கிடைக்காமல், பாசி பிடித்த சுவரைப் பிறாண்டியே மூழ்கிப்போகும். பம்புசெட் தொட்டியும் அப்படித்தான்.

அதனால் முதலில் கற்றுக்கொடுக்க வேண்டியது ஏறி வருவதை. சரிவான கரையோ அகலமான படித்துறையோ உள்ள, தண்ணீர் ஓட்டமில்லாத இடமாகப் பாருங்கள். நீங்கள் முதலில் இறங்குங்கள். பாதம் நனைந்தால் ஒரு துண்டு வேகவைத்த கோழி, முழங்கால் வரை வந்தால் இன்னொன்று. திரும்பிப் போக நினைத்தால் போகட்டும், இழுக்காதீர்கள். தண்ணீர்ப் பழக்கமுள்ள இன்னொரு நாய் கூட இருந்தால் உங்கள் வேலை பாதி குறையும். கால் தரையை விடும் ஆழம் வந்ததும் வயிற்றுக்கடியில் கைகொடுத்துப் பின்பக்கத்தைத் தூக்கிப் பிடியுங்கள், பின்னங்கால் தானாக அடிக்கத் தொடங்கும். முதுகில் பிடியுள்ள நாய் லைஃப் ஜாக்கெட் கட்டாயம். கயிற்றை ஜாக்கெட்டிலோ ஹார்னஸிலோ (மார்பைச் சுற்றிக் கட்டும் பட்டை) மாட்டுங்கள், கழுத்துப்பட்டையில் வேண்டவே வேண்டாம். ஐந்து பத்து நிமிடம் போதும், அது இன்னும் ஆசையாக இருக்கும்போதே கிளம்பிவிடுங்கள்.

குதிப்பது கடைசிப் பாடம். தானாக இறங்கி, நீந்தி, ஏறத் தெரிந்த பிறகு கடைசிப் படியிலிருந்து பொம்மையைப் பக்கத்தில் போட்டுப் பாருங்கள். சில நாய்கள் ஒரு வாரத்தில் குதிக்கும். சில நாய்கள் ஆயுள் முழுக்க நடந்துதான் இறங்கும். அதனால் என்ன குறைந்துபோனது?

வயிறு நிறையச் சாப்பிட்ட கையோடு இறக்காதீர்கள். பந்தை வாயில் கவ்விக் கவ்வி நீந்தும் நாய் ஏராளமாகத் தண்ணீர் குடிக்கும், ரத்தத்தில் சோடியம் இறங்கி வலிப்புவரை போகலாம். தட்டையான பொம்மை கொடுங்கள், நடுவில் ஓய்வும் கொடுங்கள். பச்சைப் பாசி படர்ந்த குளத்துப் பக்கமே போகாதீர்கள். தேங்கிய தண்ணீரில் எலிச் சிறுநீர் கலந்தால் லெப்டோ என்கிற எலிக்காய்ச்சல் வரும், அது உங்களுக்கும் தொற்றும். வருடாந்திரத் தடுப்பூசி போட்டாயிற்றா என்று அட்டையை எடுத்துப் பாருங்கள். கரையேறியதும் காதைத் துடைத்து உலர்த்துங்கள். காதுச் சீழோடு வரும் லேப், காக்கர் ஸ்பேனியல் நாய்க் கூட்டத்தைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. குளித்த மறுநாள் வால் துவண்டு தொங்கினால் ஒடிந்துவிட்டதென்று பதறாதீர்கள், பெரும்பாலும் தசைப்பிடிப்புதான். இருந்தாலும் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

தண்ணீரில் திணறிய நாய் அன்று மாலை வாலாட்டிச் சாப்பிட்டாலும் மூன்று நாள் கண்ணில் வைத்திருங்கள். தூங்கும்போது விலாவைப் பார்த்து மூச்சை எண்ணுங்கள். நிமிடத்துக்கு 30ஐத் தாண்டினாலோ, இருமினாலோ, ஈறு வெளிறினாலோ வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக்கைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்காதீர்கள். ராத்திரியானாலும் பரவாயில்லை, உடனே தூக்கிக்கொண்டு வாருங்கள்.