‘பரவாயில்லைங்க’ என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள்

சேலத்தில் கீமோ வார்டில் நர்ஸாக வேலை பார்க்கிறேன். சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கு மருந்தேற்ற வருபவர்களில் பீடி, சிகரெட் பிடித்தவர்கள் அதிகம். சாயப்பட்டறையில் காலம் தள்ளியவர்களும் உண்டு. "எப்படி இருக்கீங்க?" என்று டாக்டர் கேட்டால் எல்லோருக்கும் ஒரே பதில்தான்: "பரவாயில்லைங்க." உள்ளதைச் சொன்னால் அடுத்த ஊசியைத் தள்ளிப்போட்டுவிடுவாரோ என்ற பயம்.

ஏற்காட்டிலிருந்து வரும் காப்பித் தோட்டத் தொழிலாளி ஒருவரும் டாக்டரிடம் அதைத்தான் சொன்னார். நான் கையில் நரம்பு தேடிக்கொண்டிருந்தபோது மெல்ல ஆரம்பித்தார்: "மலை இறங்குனா காது அடைக்கும், அது பழக்கந்தான். இது ராத்திரி பூரா ங்கொய்யுன்னு சத்தம் கேக்குது கண்ணு." ஊசியை எடுத்து வைத்துவிட்டு டாக்டரைக் கூப்பிட்டேன். இந்த நோய்க்குத் தரும் சிஸ்பிளாட்டின் உள்காதைப் பாதிக்கக்கூடியது. போன செவித்திறன் பெரும்பாலும் திரும்பாது. ஆரம்பத்திலேயே தெரிந்தால் காதைச் சோதித்து, மருந்தைப் பிரித்துக் கொடுக்கவோ மாற்றவோ வழியிருக்கிறது.

விரல் மரத்துப்போவதும் அப்படித்தான். 'சட்டைப் பொத்தான் போட வரலை, செருப்பு கழன்றதே தெரியலை' என்றால் டாக்டருக்கு எல்லாம் புரிந்துவிடும். வாந்தி என்றால் எத்தனை தடவை, குடித்த தண்ணீராவது தங்கியதா, சிறுநீர் குறைந்ததா என்று சொல்லுங்கள். சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தையும் தாக்கும். பாட்டில் பாட்டிலாக சலைன் ஏற்றுவதும், ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்ப்பதும் அதற்காகத்தான். உடம்புவலிக்கு மெடிக்கலில் டைக்ளோபினாக் வாங்கிப் போட்டிருந்தாலும், யாரோ சொன்ன கஷாயத்தைக் குடித்திருந்தாலும் மறைக்காதீர்கள். டாக்டர் திட்டுவார் என்றால் என்னிடம் சொல்லுங்கள், அந்தத் திட்டை நான் வாங்கிக்கொள்கிறேன்.

வார்டு வாசலிலேயே என்னை நிறுத்தி, "அப்பாகிட்ட என்ன வியாதின்னு சொல்லிடாதீங்க சிஸ்டர்" என்று கெஞ்சும் பிள்ளைகள் உண்டு. பாசம் புரிகிறது, ஆனால் எனக்கு இதில் உடன்பாடில்லை. சிறுநீரில் ரத்தத்தைப் பார்த்தவரே அவர்தான். என்ன மருந்து ஏறுகிறது என்றே தெரியாதவர், எந்தத் தொல்லையை உடனே சொல்ல வேண்டும் என்று எப்படி அறிவார்?

காய்ச்சல் விஷயத்தில் மட்டும் நான் கறார். மருந்து ஏறிய ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்குள், தொற்றை எதிர்க்கும் வெள்ளையணுக்கள் மிகவும் குறைந்திருக்கும். தெர்மாமீட்டர் 100.4 டிகிரி காட்டினால் பாராசிட்டமால் போட்டுக்கொண்டு விடியட்டும் என்று படுக்கக் கூடாது. மாத்திரை சூட்டைத்தான் இறக்கும், தொற்று உள்ளேயே இருக்கும். நடுராத்திரி ஆனாலும் 20 கொண்டை ஊசி வளைவையும் இறங்கித்தான் ஆக வேண்டும். அதனால் மலைக்குத் திரும்பும் முன்பே, ராத்திரியில் யாரை எந்த எண்ணில் அழைப்பது, எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது என்று கேட்டு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். 108 வண்டியிலும் கேஷுவாலிட்டியிலும் "காய்ச்சலுங்க" என்று மட்டும் சொன்னால் வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள். "கீமோ நடந்துட்டிருக்கு" என்பதை முதலில் சொல்லி, டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையில் கொடுங்கள்.