தக்காளியை விடுங்கள், மாவுப் பையைப் பாருங்கள்

போன வாரமும் ஒருவர் வந்தார். ஏழு மாதக் கர்ப்பிணி, ஹீமோகுளோபின் 8.6, ரத்தச்சோகை. தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தில் உணவு ஆலோசகராக இருக்கும் எனக்கு இது புதிதல்ல. என்ன சாப்பிடுகிறாய் என்று அந்தப் பெண்ணைக் கேட்டால், கூட வந்த ஆயா முந்திக்கொண்டார். "தக்காளி, பப்பாளி, பிரெட், மீலி மீல் (மக்காச்சோள மாவு) எல்லாம் நிறுத்தியாச்சும்மா. ஜீன் மாத்தினதாம், பிள்ளைக்கு ஆகாதாம்." வாட்ஸ்அப்பில் வந்த சேதி. இப்போது வெள்ளைச் சோறும் புளித்தண்ணீரும்தான் சாப்பாடு.

ஆதாரமும் கையோடு கொண்டுவந்திருந்தார் ஆயா. பையிலிருந்து ஒரு தக்காளியை எடுத்து மேசையில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்திக் காட்டினார். "பாரு, பத்து நாளா அப்படியே இருக்கு."

ஆயா, அது கலப்பினத் தக்காளி. லாரியில் தூரம் போனாலும் நசுங்காத கெட்டித் தோலுக்காகப் பல தலைமுறை இனக்கலப்பு செய்து எடுத்தது, காயாகவே பறித்தது. ருசி குறைவுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பளபளப்பு, பெரிய அளவு, விதையின்மை எதுவுமே மரபணு மாற்றத்துக்கு அடையாளம் இல்லை. விதையில்லாத் தர்பூசணியும் கலப்பின வேலைதான். மரபணு மாற்றிய தக்காளி ஒன்று 1994இல் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது, சில வருடங்களில் காணாமல் போனது. மீன் மரபணு வைத்த தக்காளி என்று படம் போட்டு அனுப்புகிறீர்களே, அது சோதனையைத் தாண்டிக் கடைக்கு வரவே இல்லை. தென்னாப்பிரிக்காவில் வணிகமாக விளையும் மரபணு மாற்றப் பயிர்கள் மூன்றே: மக்காச்சோளம், சோயா, பருத்தி. உருளைக்கிழங்குக்கு அனுமதி கேட்டார்கள், 2009இல் மறுத்துவிட்டார்கள். நம் ஊர் பங்களாதேஷ் மார்க்கெட்டில் ஹெர்ப்ஸ் (கீரை) கட்டைக்கூடச் சந்தேகமாகப் புரட்டிப் பார்ப்பவர்களை என்ன சொல்வது!

மீலி மீல் விஷயத்தில் மட்டும் ஆயா சொன்னது பாதி சரி. இங்கே விளையும் மக்காச்சோளத்தில் பத்துக்கு எட்டுப் பங்குக்கு மேல் மரபணு மாற்றியதுதான். இருபது வருடங்களுக்கு மேலாக நம் பானையில் இருக்கிறது. ஆடி மாதம் மாரியம்மன் கோயில் அண்டாவில் கொதிக்கிற கூழும் பெரும்பாலும் அந்த மாவுதான். இரண்டு சொம்பு குடித்துவிட்டு வீட்டில் தக்காளியைத் தள்ளி வைக்கிறோம்.

மாவை நிறுத்துவதில்தான் எனக்கு வயிறு எரிகிறது. 2003 முதல் மீலி மீலிலும் ரொட்டிக்கான கோதுமை மாவிலும் இரும்பு, ஃபோலிக் அமிலம், துத்தநாகம், வைட்டமின்கள் சேர்ப்பது கட்டாயம். ஆலையில் கலக்கும் சத்துப்பொடி அது, மரபணு மாற்றம் அல்ல. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். கோதுமையோ, மரபணு மாற்றியது இங்கே பயிராவதே இல்லை.

நான் எந்தக் கம்பெனிக்கும் வக்காலத்து வாங்கவில்லை. 1997இல் இதற்கென்றே சட்டம் வந்தது, ஒவ்வொரு ரகத்தையும் தனித்தனியே பரிசீலித்துத்தான் அனுமதி. அதிலும் கோட்டை விடுகிறார்கள்: வறட்சி தாங்கும் மக்காச்சோளம் ஒன்றுக்குத் தந்த அனுமதியை உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 2024இல் ரத்து செய்தது. கேள்வி கேளுங்கள், நல்லதுதான். சாப்பாட்டை நிறுத்திவிட்டுக் கேட்காதீர்கள்.

வேண்டாம் என்றால் அது உங்கள் உரிமை. நுகர்வோர் பாதுகாப்பு விதிப்படி மரபணு மாற்றப் பொருள் 5 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் பையில் சொல்ல வேண்டும். எழுத்து எறும்பு அளவில் இருக்கும், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். சோயா மின்ஸ் பாக்கெட்டையும் திருப்பிப் பாருங்கள். வேறு மாவுக்கு மாறுகிறவர்கள் சத்துச் சேர்த்த குறிப்பு அதில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மாறுங்கள். கர்ப்பிணிகள் தயவுசெய்து கிளினிக்கில் கேட்காமல் எதையும் விடாதீர்கள், இரும்பு மாத்திரையை மறக்காதீர்கள்.

ஆயாவிடம் தக்காளியைத் திருப்பிக் கொடுத்தேன். அடுத்த மாதம் வரும்போது வீட்டு மாவுப் பையை வெட்டிக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன், உட்கார்ந்து சேர்ந்து படிக்கலாம் என்று.