எட்டிலிருந்து கழன்று வந்த சொல்

பிரேசிலில் முறையாகப் பதிவான வேலையில் இருப்பவர்களுக்கு ஆண்டுக் கடைசியில் பதின்மூன்றாவது சம்பளம் உண்டு. வேலை பார்த்த ஒவ்வொரு மாதத்துக்கும் டிசம்பர் சம்பளத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு என்கிறது 1962-ஆம் ஆண்டுச் சட்டம். மாதத்தில் 15 நாள் வேலை பார்த்திருந்தால் அது முழு மாதம். ஏப்ரல் 16-ல் சேர்ந்தவருக்கு டிசம்பரில் 9/12 கிடைக்கும். மறுநாள் சேர்ந்தவருக்கு 8/12தான். சம்பளம் 3,000 ரெயால் என்றால், அந்த ஒரு நாளில் 250 ரெயால் போய்விடும்.

இந்த 8/12-ஐ அவர்கள் ‘ஒய்து தோஸி ஆவுஸ்’ என்று வாசிக்கிறார்கள். ஒய்து எட்டு, தோஸி பன்னிரண்டு. அப்படியானால் ஆவுஸ்?

போர்த்துகீசிய மொழியில் பாதி முதல் பத்தில் ஒன்று வரை ஒவ்வொரு பின்னத்துக்கும் தனிப்பெயர் இருக்கிறது. மூன்றில் ஒன்று ‘தேர்ஸு’, நான்கில் ஒன்று ‘க்வார்து’. நூறுக்கும் ஆயிரத்துக்கும் உண்டு. பத்தைத் தாண்டிய மற்ற எண்களுக்குப் பெரும்பாலும் எண்ணைச் சொல்லிவிட்டு ஆவுஸைச் சேர்த்துவிடுவார்கள். இத்தனை சமபங்காக வெட்டியது என்று பொருள்.

இது பிறந்த விதம்தான் எனக்கு மிகப் பிடித்தது. எட்டில் ஒன்றுக்கு ‘ஒய்தாவு’ என்று பெயர். லத்தீன் ‘ஒக்தாவுஸ்’ அதன் மூலம். லத்தீனில் அந்த ‘ஆவு’ பங்கைக் குறிக்கும் விகுதி அல்ல. ஆனால் பேசுகிறவர் காதில் அது ‘ஒய்து’வும் ‘ஆவு’வுமாக விழுந்தது. வால் கழன்று தனிச்சொல்லாகிவிட்டது; ஆவுஸ் அதன் பன்மை. ஹாம்பர்க் நகரத்தின் பெயரிலிருந்து வந்த ஹாம்பர்கரில் ‘பர்கர்’ மட்டும் பிய்ந்து வந்ததும் இப்படித்தான். ஸ்பானிய மொழியிலும் இதே வால் உண்டு. அங்கே அது எண்ணோடு ஒட்டியே நிற்கிறது. போர்த்துகீசியத்தில்தான் தனியே நடக்கிறது.

தவறாக வெட்டிய சொல் என்று ஒதுக்க முடியாது. அவ்வளவு வேலை செய்கிறது. 2/35-ல் வரும் 35-ஐ வரிசை எண்ணாகச் சொல்லப் போனால் முப்பதாவது, ஐந்தாவது என்று இரண்டு நீண்ட சொற்கள் வேண்டும். ஆவுஸ் இருந்தால், சந்தையில் சொல்கிற அதே ‘த்ரின்தா இ சிங்கு’ போதும். எண் எவ்வளவு நீண்டாலும், பகுதி எண் இங்கே முடிந்தது என்று அந்த ஒரு சொல் காட்டிவிடும்.

‘சென்தாவு’ என்ற காசுப் பெயரிலும் இதே வால் இருக்கிறது: நூறில் ஒன்று. சீனக் கரையில் போர்த்துகீசியர் ஆண்ட மக்காவ் நகரத்தில் அந்த நூறும் உதிர்ந்துவிட்டது. 1999-ல் போர்த்துகீசியர் வெளியேறிய பிறகும் அங்கே பணத்தின் பெயர் பட்டாக்கா; ஒரு பட்டாக்காவுக்கு நூறு ஆவுஸ். 50 ஆவுஸ் நாணயம் இன்றும் கைமாறுகிறது.